விட்டம் தெரிந்தால் போதும்: வட்டத்தின் பரப்பளவு, கடைக் கணக்குப்படி

வட்டத்தின் பரப்பளவுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்த சூத்திரம் ஆரத்தில் தொடங்கும். ஆரத்தை ஆரத்தால் பெருக்கி, வந்ததைப் பையால் (π, அதாவது சுமார் 3.1416ஆல்) பெருக்க வேண்டும். அதில் தப்பே இல்லை. ஆனால் வில்லிவாக்கத்தில் நான் நடத்தும் ஹார்டுவேர் கடைக்கு ஆரத்தைச் சொல்லிக்கொண்டு இதுவரை ஒருவரும் வந்ததில்லை. "நாலு இஞ்ச் பைப்", "பன்னெண்டு எம்எம் கம்பி", "மூணு அடி உறை" (கிணற்றில் இறக்கும் சிமென்ட் வளையம்) என்று எல்லாரும் சொல்வது விட்டம்தான். ஆரத்தை அளக்க நடுப்புள்ளி வேண்டும். குழாயின் நடுவில் இருப்பது ஓட்டை, கிணற்றின் நடுவில் இருப்பது தண்ணீர், டேப்பின் நுனியை எங்கே வைப்பது? அதனால் விட்டத்தை அளந்து, பாதியாக்கி, அப்புறம் பெருக்குகிறார்கள். நடுவில் வரும் அந்தப் பாதியாக்கும் வேலை வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

கணக்கு இவ்வளவுதான்:

விட்டம் × விட்டம் × 0.7854 = பரப்பளவு

14 அங்குல விட்டமுள்ள ஒரு தட்டு என்றால் 14 × 14 = 196. அதை 0.7854ஆல் பெருக்கினால் 153.94 சதுர அங்குலம். அளந்தது அடியில் என்றால் விடை சதுர அடி, மில்லிமீட்டரில் என்றால் சதுர மில்லிமீட்டர். பாதியாக்க மறந்துவிட்டோமோ என்ற பயமே இதில் கிடையாது. அந்த மறதி சின்ன விஷயமும் இல்லை: ஆரம் வர வேண்டிய இடத்தில் விட்டத்தைப் போட்டால் விடை இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்கு ஆகிவிடும். ஐயாயிரம் லிட்டர் சம்ப் காகிதத்தில் இருபதாயிரமாக நிற்கும்.

0.7854 எங்கிருந்து வந்தது என்பதைப் படமாகப் பார்த்துவிட்டால் அது மறக்காது. ஒரு வட்டம் வரைந்து, அதை நாலு பக்கமும் தொட்டுக்கொண்டு நிற்கும்படி ஒரு சதுரம் போடுங்கள். சதுரத்தின் பக்கமும் வட்டத்தின் விட்டமும் ஒரே நீளம். ஆக, விட்டம் × விட்டம் என்பது அந்தச் சதுரத்தின் பரப்பு. வட்டம் அதில் 78.54 சதவீதத்தை அடைக்கிறது, மிச்சம் 21.46 சதவீதம் நாலு மூலைகளில் கிடக்கிறது. நாலடி விட்டத்தில் வட்ட மேசை கேட்டால் கார்பென்டர் நாலுக்கு நாலு ப்ளைவுட் துண்டு எடுப்பார். அந்தப் பதினாறு சதுர அடியில் மேசை 12.57, மூலைத் துண்டுகள் 3.43. மேசை வட்டம் என்பதற்காகப் பதினாறு சதுர அடிக்கான காசு குறையாது. இதை நான் பலரிடம் சொல்லியும் பில்லைப் பார்த்ததும் முகம் சுளிப்பார்கள், அது வேறு கதை.

சரி, ஏன் சரியாக 78.54? வட்டத்தை நடுவிலிருந்து மெல்லிய கூறுகளாக வெட்டி, ஒன்று மேல்நோக்கி, அடுத்தது கீழ்நோக்கி என்று மாற்றி மாற்றி அடுக்கினால் கிட்டத்தட்ட ஒரு நீள்சதுரம் கிடைக்கும். கூறுகள் எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு ஒழுங்கான நீள்சதுரம். அதன் நீளம் சுற்றளவில் பாதி, உயரம் விட்டத்தில் பாதி. பழைய தமிழ்க் கணக்கு நூலான கணக்கதிகாரமும் இதே வழியைத்தான் சொல்கிறது: வட்டத்தில் (இங்கே வட்டம் என்றால் சுற்றளவு) பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கினால் குழி, அதாவது பரப்பு. சுற்றளவு என்பது 3.1416 × விட்டம். அதில் பாதியையும் விட்டத்தில் பாதியையும் பெருக்கும்போது இரண்டு பாதிகளும் சேர்ந்து கால் ஆகின்றன. 3.1416இல் கால் பங்கு 0.7854. முடிந்தது.

கால்குலேட்டர் இல்லாத நேரத்துக்கு

0.7854க்குப் பதில் 11ஆல் பெருக்கி 14ஆல் வகுக்கலாம். 22/7 என்று படித்தோமே, அதை நாலால் வகுத்தால் வருவதுதான் இது. விட்டம் 7, 14, 28 என்று இருந்தால் சுலபமாக வெட்டுப்படும்.

கடையை ஆரம்பித்தவர் என் மாமனார். கால்குலேட்டர் மேசையிலேயே இருந்தாலும் தொடமாட்டார். அவருடைய வாய்க்கணக்கு, "முக்காலும் அரைவீசமும்". வீசம் பதினாறில் ஒன்று, அரைவீசம் முப்பத்திரண்டில் ஒன்று. 36 அங்குல விட்டம் என்றால் 36 × 36 = 1296. அதில் முக்கால் 972, அரைவீசம் நாற்பதரை, ஆகக் கூடி 1012½. கால்குலேட்டர் சொல்வது 1017.9. நூற்றுக்கு அரைதான் குறைகிறது. "இதுக்கு மேல சரியா வேணும்னா வாங்கறவங்க சரியா அளந்துட்டு வரட்டும்மா" என்பார் மாமா. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, கீழே வருகிறேன்.

சாதாரண கால்குலேட்டராக இருந்தால் ஒரு சின்ன வசதி. 36 அடித்து, பெருக்கல் குறியை அழுத்தி, உடனே சமக்குறியை அழுத்துங்கள். பெரும்பாலானவற்றில் 1296 வந்து நிற்கும். எண்ணை இரண்டாம் தடவை அடிக்கவே வேண்டாம்.

பையை எத்தனை தசமம் வரை எடுப்பது என்று ஒரு சிவில் டிப்ளமோ பையன் என்னிடம் கேட்டான். ஆரியபட்டர் 499ஆம் ஆண்டிலேயே 62832/20000 என்று, அதாவது 3.1416 என்று எழுதி வைத்துவிட்டார். கடைக்கும் கட்டட வேலைக்கும் அது தாராளம். 22/7க்கும் அசல் மதிப்புக்கும் உள்ள வித்தியாசம் பத்தாயிரத்தில் நாலு பங்குதான், 200 லிட்டரில் 80 மில்லி. அதற்கு மேல் போக ஆசைப்பட்டவர்களும் நம் ஊரில் இருந்திருக்கிறார்கள். 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவு எழுத்தராகச் சேர்ந்த ராமானுஜன், 1914இல் பை பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் இருந்த ஒரு தொடரை வைத்து 1985இல் கணினியில் 1.7 கோடி இலக்கங்களுக்கு மேல் கணக்கிட்டார்கள். நமக்கு நாலு இலக்கம் போதும்.

தப்பு அளப்பதில்தான்

விட்டம் இரண்டு தடவை பெருக்கப்படுவதால் அளவில் வரும் பிசகும் இரண்டு மடங்காகும். விட்டத்தில் நூற்றுக்கு ஒன்று தப்பினால் பரப்பில் நூற்றுக்கு இரண்டு தப்பும். 36 அங்குலத்தை 36½ என்று படித்தால் பரப்பு கிட்டத்தட்ட 2.8 சதவீதம் ஏறிவிடும். பையின் பத்தாவது தசமத்தைத் தேடிவிட்டு டேப்பைத் தொளதொளவென்று பிடிப்பதில் என்ன பயன்?

திறந்த வாய் உள்ள பொருளை (தொட்டி, டிரம், பெரிய குழாய்) அளக்க, டேப்பின் ஒரு முனையை விளிம்பில் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். எதிர்முனையை எதிர் விளிம்பில் இடமும் வலமுமாக மெதுவாக ஓட்டுங்கள். அளவு ஏறி ஏறி ஓரிடத்தில் நின்று மறுபடி இறங்கும். ஏறி நின்ற அந்த எண்தான் விட்டம். டேப்பின் கொக்கி முனை ஆடுகிறது என்று சந்தேகம் இருந்தால் 10 செ.மீ. கோட்டிலிருந்து தொடங்கி, கடைசியில் பத்தைக் கழித்துவிடுங்கள். கழிக்க மறக்காதீர்கள்.

அப்புறம் ஒரே திசையில் அளந்து முடித்துவிட வேண்டாம். சிமென்ட் உறையும் பழைய தொட்டியும் பார்க்க வட்டமாக இருக்கும், அளந்தால் ஒரு பக்கம் கொஞ்சம் நீண்டிருக்கும். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தடவை அளந்து, கூட்டிப் பாதியாக்கிக்கொள்ளலாம்.

வாய் மூடியிருக்கும் பொருள், நிற்கும் தூண், ஓடிக்கொண்டிருக்கும் குழாய் இவற்றுக்குச் சுற்றளவுதான் வழி. சணல் கயிறு இழுபடும், காகிதப் பட்டை இழுபடாது. பட்டையைச் சுற்றி, ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடத்தில் பேனாவால் கோடு போட்டுப் பிரித்து அளங்கள். அதை 3.1416ஆல் வகுத்தால் வெளிவிட்டம். சின்னக் குழாய் என்றால் இரண்டு பக்கமும் மூலைமட்டத்தை ஒட்டி வைத்து இடைவெளியை அளப்பது இன்னும் வேகம். இரண்டு தாடைக்கு நடுவில் பிடித்து அளக்கும் வெர்னியர் கருவி இருந்தால் பேச்சே இல்லை.

அலகு விஷயத்தில் நான் தினமும் பார்க்கும் ஒரு பிசகு: 3 அடி 6 அங்குலத்தை 3.6 என்று கால்குலேட்டரில் அடிப்பது. அடிக்குப் பன்னிரண்டு அங்குலம், ஆகவே அது 3.5. 3.6 என்று போட்டால் சதுரம் 12.96, சரியானது 12.25. நூல் கணக்கில் சொன்னாலும் இதே கவனம் வேண்டும். எட்டு நூல் ஒரு அங்குலம், எனவே 2 அடி 7 அங்குலம் 4 நூல் என்றால் 31½ அங்குலம். முதலில் எல்லாவற்றையும் ஒரே அலகுக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் பெருக்க வேண்டும். கடைசியில் சதுர அங்குலத்தைச் சதுர அடியாக்க 144ஆல் வகுக்க வேண்டும், 12ஆல் அல்ல.

கிணற்றில் எவ்வளவு தண்ணீர்?

சென்னையில் இந்தக் கணக்கு அதிகம் பயன்படுவது இங்கேதான். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வற்றிப்போய் ஊரே லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தபோது, பழைய உறைகிணற்றை மூடி வைத்திருந்தவர்கள் எல்லாம் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். "எத்தனை அடி தண்ணி நிக்குது" என்று தெரியும், எத்தனை லிட்டர் என்று தெரியாது.

மூன்றடி உள்விட்டம் என்றால் 3 × 3 × 0.7854 = 7.07 சதுர அடி. ஓரடி ஆழத்துக்கு 7.07 கன அடி. ஒரு கன அடி 28.3 லிட்டர். பெருக்கினால் 200 லிட்டர். மூன்றடி உறையில் ஓரடி தண்ணீர் என்றால் ஒரு முழு டிரம். இதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது. மற்ற அளவுகளுக்கு, அடியில் உள்ள விட்டத்தை அதாலேயே பெருக்கி 22¼ஆல் பெருக்குங்கள், ஓரடி ஆழத்துக்கான லிட்டர் நேராக வரும். நாலடிக்கு 356, ஐந்தடிக்கு 556, ஆறடிக்கு 800. மூன்றடியும் ஆறடியும் பாருங்கள்: விட்டம் இரண்டு மடங்கு, தண்ணீர் நாலு மடங்கு.

ஆழத்தை அளக்க, கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி அடிவரை இறக்கித் தூக்கி, நனைந்த நீளத்தை மட்டும் அளந்தால் போதும். நாலடிக் கிணற்றில் நனைந்தது ஏழடி என்றால் 356 × 7, கிட்டத்தட்ட 2500 லிட்டர்.

நான் 'உள்விட்டம்' என்று சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். உறையை வெளிப்பக்கம் அளந்து மூன்றடி என்று சொல்பவர்கள் உண்டு. சுவர் கனம் இரண்டு அங்குலம் இருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து நாலு அங்குலம் போய்விடும். உள்ளே 32 அங்குலம்தான். 200 லிட்டர் என்று நினைத்தது 158 ஆகிவிடும். சுவரை ஒரு தடவை மட்டும் கழிப்பவர்களும் இருக்கிறார்கள். விட்டத்துக்கு இரண்டு முனை, சுவரும் இரண்டு.

இரண்டு குழாய் சேர்ந்தால் ஒரு குழாய் ஆகுமா?

எங்கள் கடைக்கு வழக்கமாக வரும் பிளம்பர் ஒருவர் கேட்டார்: "அக்கா, ஒண்ணேகால் இஞ்ச் ஸ்டாக் இல்லன்னா முக்கால் இஞ்ச் ரெண்டு லைன் இழுத்துடவா? ஒன்றரை ஆயிடுதே, அதிகம்தானே?"

"விட்டத்தைக் கூட்டாதீங்க தம்பி, பெருக்குங்க" என்றேன். முக்காலை முக்காலால் பெருக்கினால் 0.5625, இரண்டு லைனுக்கு 1.125. ஒண்ணேகாலை ஒண்ணேகாலால் பெருக்கினால் 1.5625. நூற்றுக்கு எழுபத்திரண்டுதான் வருகிறது. ஒப்பிடுவதற்கு மட்டும் என்றால் 0.7854ஐக்கூடத் தொட வேண்டாம், இரண்டு பக்கமும் அது பொது என்பதால் தானாகவே அடிபட்டுவிடும். விட்டங்களின் சதுரத்தை ஒப்பிட்டாலே போதும். இதுவும் குழாயின் வாய் அளவுக் கணக்குதான். மெல்லிய குழாயில் உராய்வு அதிகம், ஆகவே நிஜத்தில் வரும் தண்ணீர் இதையும்விடக் குறையும். குழாயில் போட்டிருக்கும் பெயரளவும் உள்வாயும் ஒன்றல்ல என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

மொட்டைமாடி மழைநீருக்கும் இதே கதை. 2003இல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனபிறகு 75, 110 மி.மீ. குழாய்கள் தெருத்தெருவாகப் போயின. 75ஐச் சதுரமாக்கினால் 5625, 110க்கு 12100. 75இல் இரண்டு இறக்கினாலும் 11250தான், ஒற்றை 110ஐ எட்டாது. நவம்பரில் கொட்டுகிற மழைக்கு, இடம் இருந்தால் நான் 110ஐத்தான் எடுக்கச் சொல்வேன். மாடியில் குளம் கட்டிக்கொண்டு நிற்பதைவிட அது மேல்.

கம்பி, ஒயர்

கம்பிக் கடையிலும் சைட்டிலும் ஒரு சூத்திரத்தை எல்லாரும் சொல்வார்கள்: எம்எம்மில் உள்ள விட்டத்தைச் சதுரமாக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 162 ஏன் என்று கேட்டால் மேஸ்திரி சிரிப்பார். அதுவும் நம் வட்டம்தான். பரப்பு 0.7854 × விட்டம் × விட்டம் சதுர மி.மீ. எஃகு ஒரு கன மீட்டருக்கு 7850 கிலோ என்பதால், ஒரு சதுர மி.மீ. பரப்புள்ள கம்பி மீட்டருக்கு 0.00785 கிலோ. இரண்டையும் பெருக்கினால் 0.006165. ஒன்றை அதால் வகுத்தால் 162.2.

12 எம்எம் என்றால் 144 ÷ 162 = 0.889 கிலோ. பன்னிரண்டு மீட்டர் முழுக்கம்பி 10.67 கிலோ இருக்க வேண்டும். லோடு இறங்கும்போது ஒரு கம்பியை எடைபோட்டுப் பாருங்கள், சொன்ன அளவில்தான் வந்திருக்கிறதா என்று ஓரளவு தெரிந்துவிடும். "பன்னெண்டுக்குப் பதில் பத்து போட்டா ரெண்டு எம்எம் தானே குறையுது" என்று யாராவது சொன்னால் 100ஐயும் 144ஐயும் எழுதிக் காட்டுங்கள். முப்பது சதவீதத்துக்கு மேல் எஃகு காணாமல் போகிறது. எண்ணிக்கையை ஏற்றிச் சமாளிக்கலாமா என்பதை இன்ஜினியர் சொல்ல வேண்டும், கடைக்காரி அல்ல.

ஒயரில் மட்டும் உலகம் தலைகீழ். அங்கே பரப்பைத்தான் பெயராக வைத்திருக்கிறார்கள்: 1.5 சதுர மி.மீ., 2.5, 4 என்று. பல இழை ஒயர் என்றால் ஒரு இழையின் பரப்பை இழை எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். 0.3 மி.மீ. விட்டத்தில் 36 இழை என்றால் 0.3 × 0.3 × 0.7854 × 36 = 2.54. அதுதான் 2.5 ஒயர். மேலுறையோடு சேர்த்து அளந்து கனம் பார்ப்பதில் அர்த்தமில்லை, மின்சாரம் செம்பில்தான் ஓடுகிறது.

பரப்பு தெரியும், விட்டம் வேண்டும் என்றால்

பரப்பின் வர்க்கமூலத்தை எடுத்து 1.128ஆல் பெருக்குங்கள். சென்ற மாதம் கொரட்டூரிலிருந்து ஒரு அம்மா வந்தார். வட்டத் தொட்டி கட்டப்போகிறார், ஓரடி ஆழத்துக்கு ஆயிரம் லிட்டர் நிற்க வேண்டும், எவ்வளவு அகலம் என்று கேட்டார். ஆயிரத்தை 28.3ஆல் வகுத்தால் 35.3 சதுர அடி. வர்க்கமூலம் 5.94. அதை 1.128ஆல் பெருக்கினால் 6.7 அடி. 0.7 அடி என்பது ஏழு அங்குலம் அல்ல, 0.7 × 12 = 8.4 அங்குலம். "மேஸ்திரிகிட்ட ஆறடி ஒன்பது அங்குலம்னு சொல்லுங்கம்மா, பூச்சுக்கு அப்புறம் உள்ள நிக்க வேண்டிய அளவுன்னு அழுத்திச் சொல்லுங்க" என்று ஒரு பழைய பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். பூச்சு அரை அங்குலம் என்றால் கட்டுவேலை நிற்கும்போது உள்ளே ஆறடி பத்து அங்குலம் இருக்க வேண்டும்.